மிளகை மட்டும் விட்டுவைத்த அம்மன்

என் தங்கையின் வீட்டுக்காரர் பால்மாடு வைத்துப் பிழைப்பவர். பர்மாவில், நகரத்துக்கு வெளியே மிங்கலாடோனில், விமான நிலையத்து வேலியைத் தாண்டிப் போனால், செம்மண் சந்து ஒன்றின் கடைசியில் கொட்டகையும் அதை ஒட்டினாற்போல் வீடும் இருக்கின்றன. நான் நகரத்தின் நடுவே கியாக்டடாவில், சூலே பயா என்கிற புத்தர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் தனியாக இருக்கிறேன். அதே தெருவில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போவேன். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அதனால் இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை. அதை மறைக்கவும் போவதில்லை.

தங்கைக்குக் குரல்தான் எல்லாம். எங்கள் கோயிலில் ஆடி மாதத்தில் அம்மனுக்குத் தாலாட்டுப் பாடுவது அவள்தான். இங்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. சண்டை போடுவதும் கொஞ்சுவதும் பர்மியத்தில்தான். அந்தப் பிள்ளைகள்கூட அவள் பாட ஆரம்பித்தால் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அவள் பெரிதாகப் படிக்கவில்லை, வெளியே போய்ச் சம்பாதிக்கவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. ஆனாலும் கோயில் வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே நாலு பேர் எழுந்து இடம் விடுவார்கள். அந்த மரியாதை அவளுடைய தொண்டைக்கு. அது அவளுக்கும் தெரியும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

முதலில் பார்த்தது நான். அவள் தண்ணீர் குடிக்க அண்ணாந்தபோது கழுத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறிக் கீழே இறங்கியது. தொட்டுப் பார்த்தேன், புளியங்கொட்டை அளவில் கெட்டியாக இருந்தது. மறுவாரமே எங்கள் பக்கத்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். பர்மியப் பெண்மணி, நிதானமானவர். பெண் டாக்டரை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம். ஊசி குத்திச் சோதித்துவிட்டு, இது வளரக்கூடிய கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார். குரலுக்கான நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, இப்போது கட்டி அதைத் தொடவில்லை, இப்போதே எடுத்தால் நல்லது, தள்ளிப்போடாதீர்கள் என்று பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார்.

தங்கை படத்தைப் பார்க்கவே இல்லை. "குரல் போயிருமா சயாமா?" என்று ஒன்றை மட்டும் கேட்டாள்.

"பெரும்பாலும் போகாது" என்றார் அவர்.

அந்தப் 'பெரும்பாலும்' அவளைப் பிடித்துக்கொண்டது. பஸ்சில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "கழுத்துல கத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்க்கா. அதுக்கப்புறம் நான் யாரு?" என்றாள். நான் திட்டினேன், கெஞ்சினேன். எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையும் தன் பங்குக்குக் கெஞ்சினார். நான் தங்கையின் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், 'நீங்க' போட்டுத்தான் பேசுவேன். அவர் நல்லவர், குடிக்க மாட்டார், தங்கையை ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் காட்டில் கண்ணி வைத்து மான் பிடிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. பிடிபட்டால் ஜெயில் என்று தங்கை பயந்து, விட்டுவிடச் சொன்னாள். விட்டுவிட்டேன் என்று அவரும் சொல்லியிருந்தார்.

தங்கை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கட்டை அம்மனிடம் போனாள்.

இந்தக் கட்டை அம்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்க்குழாய் பதித்த பாதை ஒன்று போகிறது. அதில் நடந்தால் மூங்கில் புதர், அதற்கப்பால் ஏரியைச் சுற்றியுள்ள காடு. காட்டு ஓரத்தில், முன்பு எப்போதோ வெட்டிய பெரிய மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் குழி. சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கட்டையில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றியிருந்ததைப் புல் அறுக்கப் போன பெண்கள் பார்த்தார்கள். யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததனாலேயே சக்தி கூடிவிட்டது. கை காலில் மரு வந்தாலும் உடம்பில் கட்டி வந்தாலும் மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டுவது நம் வழக்கம்தானே, உப்புக் கரைவதுபோல நோய் கரையும் என்று. அந்தப் பெண்கள் கட்டையின் குழியில் உப்பும் மிளகும் கொட்டினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் உப்பு இல்லை. மிளகு மட்டும் அப்படியே கிடந்தது.

இதைவிட வேறு என்ன வேண்டும்? அம்மன் உப்பை எடுத்துக்கொள்கிறாள், மிளகைப் பிரசாதமாகத் திருப்பித் தருகிறாள் என்று பேச்சாகிவிட்டது. பால்காரச் சந்துப் பெண்கள் எல்லாரும் போக ஆரம்பித்தார்கள். பர்மியர்கள், இது இந்தியக்காரர்களின் நத் என்று ஒதுங்கிப் போனார்கள். நத் என்றால் காவல் தெய்வம் மாதிரி, அதனிடம் அவர்கள் விளையாட மாட்டார்கள்.

தங்கை தீபாவளி கழிந்து முதல் வெள்ளிக்கிழமை உப்புக் கொட்டினாள். மறுநாள் உப்பு இல்லை. எனக்குப் போன் செய்து, "அம்மா எடுத்துக்கிட்டாக்கா" என்று அழுதாள். "மழையில் கரைஞ்சிருக்கும்" என்றேன். "மழை விட்டு எத்தனை நாளாச்சு?" என்று திருப்பிக் கேட்டாள். அதன் பிறகு வாராவாரம் வெள்ளிக்கிழமை உப்பு, சனிக்கிழமை மிளகு. திரும்பி வந்த மிளகைப் பொறுக்கி எடுத்துத் தொண்டைக்கு நல்லது என்று மென்றுகொண்டிருப்பாள். கட்டி சிறுத்திருக்கிறது பார் என்று என் விரலைப் பிடித்துக் கழுத்தில் வைப்பாள். என் விரலுக்கு அது பெருத்திருந்தது. பொங்கல் வந்தபோது குரல் லேசாகக் கம்மியது. பனி என்றாள். மாசிக்கு மேல் பனி ஏது? அப்போதும் பனி என்றாள்.

ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதுகூட எனக்கு அந்த மரக்கட்டையே கண்ணுக்குள் நின்றது. நான் சாமி இல்லை என்று சொல்கிறவள் அல்ல. ஆனால் சாமிக்கு உப்பு எதற்கு என்று என் புத்தி கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் அவளோடு நானும் போனேன்.

குழியில் உப்பு இல்லை. கட்டையின் ஓரமெல்லாம் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. நானும் மாட்டுக்கொட்டகைக்குப் போய்வருகிறவள்தான். நாக்கு பட்ட மரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழே மண்ணைச் சுரண்டித் தின்ற பள்ளம். சுற்றிலும் சின்னக் குளம்புத் தடங்கள். கறுப்பாக உருண்டை உருண்டையாகப் புழுக்கை.

"ஏதோ ஆடு நக்கிட்டுப் போயிருக்குடி" என்றேன்.

"இந்தக் காட்டுல ஆடு ஏதுக்கா? சும்மா இரு. அம்மா முன்னாடி இப்படிப் பேசாதே" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் தாலாட்டின் முதல் அடியை எடுத்தாள். இரண்டாவது அடிக்கு ஏற முடியவில்லை. இருமி நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அழுவதை அவள் பார்க்க வேண்டாம் என்று புதர்ப் பக்கம் நகர்ந்தேன்.

அங்கேதான் அந்தக் கம்பி இருந்தது. குளம்புத் தடம் வரும் வழியில், வளைத்துக் கட்டிய இளமரம் ஒன்றிலிருந்து சுருக்காகத் தொங்கியது. சைக்கிள் பிரேக் கம்பி. முடிச்சுப் போட்ட இடத்தில் கம்பி நழுவாமல் இருக்கப் பழைய துணியைப் பட்டையாகக் கிழித்து இறுக்கிச் சுற்றியிருந்தது. கன்றுக்குட்டிகளை எங்கள் மாப்பிள்ளை அப்படித்தான் கட்டுவார், அதே துணிச் சுற்று. அவரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. கம்பியை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம் அவள் படுத்த பிறகு கொட்டகைக்குப் போனேன். அவர் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கம்பியை அவர் காலடியில் போட்டேன். அவர் அதைப் பார்த்தார், வாளியைக் கீழே வைத்தார். பொய் சொல்லப் பார்க்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அந்தக் கட்டைக்கு மஞ்சள் பூசினது நான்தான்க்கா" என்றார்.

அவர் சொன்னது இதுதான். காட்டு மிருகத்துக்கு உப்பு கிடைக்காது. மழை முடிந்து காய ஆரம்பித்தால், அதுவும் குட்டிக்குப் பால் கொடுக்கிற பெட்டைக்கு, உப்பு இல்லாமல் ஆகாது. இங்கே திரிவது ஜீ என்கிற சின்ன மான். தமிழில் கேளையாடு என்பார்கள், மிரண்டால் நாய் மாதிரிக் குரைக்கும். மாட்டுக்கு நக்க வைக்கும் உப்புக்கட்டியை உடைத்து, கல்லுப்பும் எலும்புத்தூளும் கலந்து, அந்தக் கட்டையின் குழியில் அவர் கொட்டி வந்தார். மழை அதைக் கரைத்து மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இறக்கிவிடும். பிறகு மழையே இல்லாவிட்டாலும் அந்த மண்ணில் உப்பு ஊறிக்கொண்டே இருக்கும்.

"ஒருக்கா நாக்குல பட்டுருச்சுன்னா விடாதுக்கா. எங்கிருந்தாலும் வந்துரும். நாம தேடிப் போக வேண்டாம்" என்றார். அதைச் சொல்லும்போது, இந்த நிலைமையிலும், அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்ததைக் கவனித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, மஞ்சள் எதுக்கு?"

"உப்பு மூட்டையத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள ஏன் போறேன்னு காவக்காரன் கேப்பான், பட்டாளத்துக்காரன் கேப்பான். சாமிக்குன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டான். அதுக்காகத்தான் பூசினேன். நம்ம பொம்பளைங்க வந்து கும்புடுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்லக்கா. வந்தாங்க. அவங்களும் உப்பு கொட்டினாங்க. நானும் நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

"ஒன் பொண்டாட்டியும் வந்தாளே."

அன்று முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் உப்புக் கொட்ட ஆரம்பித்த பிறகு கண்ணி வைப்பதை நிறுத்திவிட்டதாகவும், இந்த ஒரு கம்பி எடுக்காமல் விட்டுப்போனது என்றும் சொன்னார். "அப்ப ஒன் கொட்டகையில் உப்புக்கட்டி ஏன் இன்னும் உடையுது?" என்று கேட்டேன். மூலையில் சுத்தியலும் வெள்ளைத் தூளும் இருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன்.

அவர் அந்தத் தூளைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு சொன்னார்: "ஜீ வரணும்ல. ஒரு வாரம் வரலேன்னா அவ கொட்டின உப்பு அப்படியே கெடக்கும். பாத்தா அவ ஒடஞ்சு போயிருவாக்கா. அதான் வியாழக்கிழமையே போயி, அதுங்க வர்ற வழியில கொஞ்சம் தூவிட்டு வருவேன். அதைப் புடிச்சிக்கிட்டு வந்துரும்."

மானைக் கொல்ல வைத்த உப்பை, இப்போது பெண்டாட்டியைச் சந்தோஷப்படுத்த வைத்துக்கொண்டிருக்கிறார். அவள் வாராவாரம் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்து இவரும் சந்தோஷப்பட்டிருக்கிறார். கழுத்தில் கட்டி தன் போக்கில் வளர்கிறது. "நீ அவளைக் கொன்னுக்கிட்டு இருக்கே, தெரியுதா?" என்றேன். தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினார். மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

போய் அவளிடம் உண்மையைச் சொல் என்றேன். சொன்னால் இந்த ஜென்மத்தில் என் முகத்தில் முழிக்கமாட்டாள் என்று கெஞ்சினார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். மான் வராமல் செய்துவிடுகிறேன், உப்பு அப்படியே கிடக்கட்டும், அம்மன் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்கே தோன்றி ஆஸ்பத்திரிக்குச் சம்மதிப்பாள். சாமி பேரும் கெடாது, தன் பேரும் கெடாது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எப்படியாவது அவள் ஆஸ்பத்திரி படி ஏறினால் போதும் என்றிருந்தது. சரி, செய்து பார் என்றேன்.

வரவழைக்கத் தெரிந்தவருக்கு விரட்டவும் தெரிந்திருந்தது. வேர்வை ஊறிய தன் சட்டையைக் கட்டைக்குப் பக்கத்துப் புதருக்குள் மறைவாகத் தொங்கவிட்டார். வீட்டு நாய் படுத்த சாக்கைக் கொண்டுபோய் மான் வரும் வழியில் போட்டார். மனுஷ வாடையும் நாய் வாடையும் சேர்ந்தால் ஜீ அந்தத் திசைக்கே வராதாம். அந்த வெள்ளிக்கிழமையும் தங்கை உப்புக் கொட்டினாள். சனிக்கிழமை காலையில் உப்பும் மிளகும் கொட்டியது கொட்டியபடி கிடந்தன.

அவள் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "அம்மா வேண்டாம்னுட்டாக்கா" என்றாள், அவ்வளவுதான்.

"அதான் சொல்றேன், திங்கக்கிழமை சயாமாகிட்டப் போயிருவோம்" என்றேன், உள்ளுக்குள் நிம்மதியோடு.

"சாமியே கைவிட்டதுக்கு அப்புறம் சயாமா என்னக்கா செய்வா?"

இதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. அவள் குளித்து, துவைத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு படுத்தாள். கஞ்சி கொடுத்தால் போதும் என்று தள்ளிவிட்டாள். கோயிலுக்கு ஆள் அனுப்பி, இந்த ஆடிக்குத் தாலாட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவளுடைய பட்டுப் புடவைகளை எடுத்து, எது யாருக்கு என்று கட்டில்மேல் பிரித்து வைத்திருந்ததை ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன். கட்டி அப்போது சட்டைக் கழுத்துக்கு மேலே தெரிந்தது. மூச்சு விடும்போது ஒரு சத்தம் கேட்டது. கத்தி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவளையாவது இழுத்துக்கொண்டு போகலாம். சாவுக்கு ஒப்புக்கொண்டு அமைதியாகக் கிடப்பவளை என்ன செய்வது?

கொட்டகைக்குப் போனேன். "இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன். அவர் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். ஓடிவிடுவார் என்று எனக்குச் சந்தேகம்.

அவர் ஓடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். உப்புக்கட்டியை உடைத்தது, மஞ்சள் பூசியது, அவள் கொட்டிய உப்பை மான் தின்றது, வியாழக்கிழமைகளில் தான் போய் வந்தது, கடைசியில் சட்டையைத் தொங்கவிட்டது. தங்கை மேலே தகரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"நான் கொட்டின உப்புக்கு வந்ததைப் புடிச்சீங்களா?" என்று கேட்டாள். குரல் அடைத்துத்தான் வந்தது.

கண்ணி வைப்பதை நிறுத்திவிட்டதாக என்னிடம் சொன்னவர் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. "ஒண்ணு" என்றார். "மொத வாரம். கண்ணி எடுக்கறதுக்கு முந்தி."

"ஆட்டுக்கறின்னு சொல்லி சூப்பு வச்சுக் குடுத்தீங்களே, அதா?"

அவர் தலையாட்டினார். ஒடம்புக்குத் தெம்பு வரும் என்று, ஒரு சொட்டு விடாமல் குடி என்று, அவர் கையாலேயே ஊட்டியது எனக்கும் நினைவுக்கு வந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். நானும் ஒரு கிண்ணம் குடித்தேன்.

"அது கத்துச்சா?"

"கழுத்துல மாட்டிருச்சு" என்றார். "கத்தல."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே மாடு ஒன்று தண்ணீருக்குக் கத்தியது, யாரும் எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லவைத்து அவளுடைய மிச்ச உயிரையும் எடுத்துவிட்டேனோ என்று எனக்குத் தோன்றியது. அவளைத் தொடவும் கை வரவில்லை.

அப்புறம் அவள் எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை முடிந்துகொண்டே, அவரையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் சொன்னாள்: "அப்ப, அம்மா வேண்டாம்னு சொல்லல. அவகிட்ட என் உப்பு போய்ச் சேரவே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நாளைக்கு அந்த சயாமாகிட்டப் போலாம்" என்றாள்.

அவள் மனசு அப்படித்தான் வேலை செய்தது. நான் எதிர்பார்த்தது வேறு. நம்பிக்கை உடைந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று நானும் அவரும் கணக்குப் போட்டோம். அவளோ நம்பிக்கை திரும்பிய பிறகுதான் எழுந்தாள்.

டாக்டரம்மாவுக்குக் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அன்றைக்கு அவ்வளவு சொன்னேனே, ஏன் இத்தனை மாதம் தள்ளிப்போட்டீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறக்கப் போனார். அதற்குள் தங்கை, "எனக்குப் பயமா இருந்துச்சு சயாமா" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டாள். அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் முகத்தை அந்த நேரத்தில் பார்த்தேன். நான் திட்டியபோதெல்லாம் தாங்கிக்கொண்டவர் அதைத் தாங்கவில்லை. எழுந்து வெளியே போய் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் ஆயிற்று. கட்டி நரம்பைச் சுற்றி வளைத்திருந்தது, நரம்போடு சேர்த்துத்தான் எடுக்க முடிந்தது. உயிருக்கு இனிப் பயமில்லை என்றார்கள். கண் விழித்ததும் அவள் என்னைப் பார்த்து வாயை அசைத்தாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி அசைத்தாள், மறுபடியும் காற்று. புரிந்துகொண்டாள் என்று அவள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இருக்கிறாளே, போதும் என்று அப்போது நினைத்தேன். போதாது என்று பிறகு வீட்டுக்கு வந்து தனியாகப் படுத்திருக்கும்போது நினைத்தேன். இரண்டும் உண்மைதான்.

புதரில் தொங்கிய சட்டையையும் நாய்ச் சாக்கையும் எடுத்துவிட்டு, காட்டில் மிச்சமிருந்த கம்பிகளை எல்லாம் அவர் தேடித் தேடி எடுத்து, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். கட்டையில் சுற்றிய மஞ்சள் துணியையும் எடுத்துவிடப் போனார். தங்கை தடுத்தாள். கிசுகிசுவென்று அவள் சொன்னதை நான் குனிந்து கேட்டு அவருக்குச் சொன்னேன்: அது இப்ப ஒங்க சாமி இல்ல, அந்தப் பொம்பளைங்க சாமி, நீங்க தொடக்கூடாது. இன்றைக்கும் அந்தப் பெண்கள் உப்புக் கொட்டுகிறார்கள், உப்பு போய்விடுகிறது. மான்கள் பயமில்லாமல் வருகின்றன என்று நினைக்கிறேன். தங்கை அந்தப் பக்கம் போவதில்லை. அவளுடைய வேண்டுதலைக் கோயிலுக்கே போய்ச் செலுத்தினாள்.

ஆடியில் வேறொரு பெண் தாலாட்டுப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். தங்கை முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு அடிக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அதற்காக நன்றியோடு இருந்தேன்.

அவரை அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கொண்டுவரும் டீயை வாங்கிக் குடிக்கிறேன், மறுபடியும் 'நீங்க' போட்டுத்தான் பேசுகிறேன். அவள் கூப்பிடுவது இப்போது அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. அதனால் அவர் வீட்டை விட்டுத் தூரமாக எங்கும் போவதில்லை. புல்லுக்கு ஆள் வைத்துவிட்டார். பால் கறக்கும்போது வீட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவர் கறப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, நனைந்தபடி வாசலில் நின்று, அவள் உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.